கையில் சிறு முடிப்பு, காசியில் ஏழு நாள்
(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தல யாத்திரை பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். காசியின் மகிமையைப் பேச இங்கே என்னைவிடத் தகுந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது காசிக்கு ஆகும் செலவைப் பற்றி. ஆன்மிக மேடையில் செலவுக் கணக்கா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பூத்தொடுக்க வரும் அம்மா ஒருவர், தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர், ஒருநாள் என்னிடம் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். அதில் போட்டிருந்த தொகையைப் பார்த்துவிட்டு, "ஐயா, காசியெல்லாம் காசு உள்ளவங்களுக்குத்தான் போல" என்றார். இப்படி நினைத்துக்கொண்டே வயதைக் கடத்துகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகத்தான் இந்த உரை.

அந்தத் தாளை நான் முழுதும் படித்தேன். காசி, கயை, பிரயாகை, அயோத்தி நான்கும் ஐந்தே இரவில். அதில் காசிக்கு ஒதுக்கியது ஒன்றரை நாள். நட்சத்திர விடுதி, குளிர்சாதனப் பேருந்து, மாலையில் ஆரத்தி, மறுநாள் விடியலில் படகு, விசுவநாதர் தரிசனம், பட்டுப் புடவைக் கடை, அத்தோடு சரி. நடக்க முடியாதவர்களுக்கும் துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கும் அப்படிப் போவதில் சௌகரியம் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி விடுதிக்கும் வண்டிக்கும் போகிறது. காசியில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. அங்கே செலவழிக்க வேண்டியது நாள்கள்தான். பணத்தைச் சுருக்கி நாள்களை நீட்டுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. ஏழு நாள் இருந்தால் நல்லது. ஐந்துக்குக் குறைய வேண்டாம்.

முதலில் போய்ச் சேரும் வழி. தமிழ்நாட்டில் உறவினரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரயில் இருக்கிறது. சென்னையிலிருந்து கங்கா காவேரி, இராமேசுவரத்திலிருந்து பனாரஸ் எக்ஸ்பிரஸ், 2023 டிசம்பரிலிருந்து கன்னியாகுமரி புறப்படும் காசி தமிழ் எக்ஸ்பிரஸ் என்று நேரடி வண்டிகள் உண்டு. தினமும் ஓடுபவை அல்ல; நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். ஸ்லீப்பர் வகுப்பில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. வயதானவர்கள் அதில் சிக்கனம் பார்க்காமல் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் போவதே நல்லது. இரண்டரை மடங்கு ஆகும் என்றாலும் ஒன்றரை நாள் பயணத்தில் உடம்பு அலுக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்கள் கொல்கத்தா வழியாகப் போகலாம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொல்கத்தாவுக்கு நேராக விமானம் இருக்கிறது. அங்கே ஹவுராவில் இரவு வண்டி பிடித்தால் காலையில் காசி. ஓர் இரவு விடுதிக் கூலியும் மிச்சம். இறங்கும் நிலையத்தின் பெயரில் மட்டும் கவனம் தேவை. பெரிய நிலையம் வாராணசி ஜங்ஷன். முன்பு மண்டுவாடி என்றிருந்தது 2021 முதல் பனாரஸ் ஆகிவிட்டது. பழைய மொகல்சராய் 2018 முதல் தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன். அது கங்கைக்கு அக்கரையில், ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். 'காசி' என்ற பெயரிலேயே ஒரு சிறு நிலையமும் உண்டு. பெயரைப் பார்த்துப் பரவசப்பட்டு அதற்குச் சீட்டு எடுக்க வேண்டாம். பல வண்டிகள் அங்கே நிற்பதில்லை.

போகும் காலமும் பணத்தோடு சேர்ந்ததே. அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அதில் டிசம்பர் பிற்பாதியும் சனவரியும் கடுங்குளிர். மூடுபனியால் இரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளி கண்கொள்ளாக் காட்சிதான். படித்துறை முழுதும் அகல் விளக்கு. ஆனால் அந்த வாரம் அறைக் கூலியும் படகுக் கூலியும் பல மடங்கு ஏறிவிடும். சிறு முடிப்போடு போகிறவர் அதைத் தவிர்த்துப் பிப்ரவரியில் போகலாம், சிவராத்திரிக் கூட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. சூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பெருகிப் படிகள் நீருக்குள் போய்விடும். படகையும் நிறுத்திவிடுவார்கள். விமானச் சீட்டு மலிவு என்று அப்போது போனால் காசியின் பாதியைப் பார்க்க முடியாது.

இனித் தங்குமிடம். இங்கேதான் அறம் செய்த பெரியோரை நினைக்க வேண்டியிருக்கிறது. காசி யாத்திரிகர்களுக்காகக் கட்டிய ஊர். சத்திரமும் தர்மசாலையும் மடமும் நூற்றுக்கணக்கில் உண்டு. நம் பக்கத்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோதௌலியாப் பகுதியில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி இரதம் விடுகிறவர்களும், 1859இல் சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் இந்தச் சமூகத்தார்தாம். இங்கே கடல் கடந்து வட்டிக் கடை வைத்தவர்கள், அங்கே கங்கைக் கரையில் வழிப்போக்கருக்குக் கூரை போட்டு வைத்தார்கள். விசுவநாதருக்கு அன்றாட பூசைக்குரிய பொருள்கள் அந்தச் சத்திரத்திலிருந்து 'சம்போ' என்று முழங்கிக்கொண்டு ஊர்வலமாகப் போவது 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் கட்டளை. அந்த ஊர்வலத்தைத் தெருவில் நின்று பார்ப்பதே ஒரு தரிசனம். காசு கேட்பாரில்லை.

சத்திரங்களின் விதி ஒன்றுக்கொன்று வேறு. சிலவற்றில் குறிப்பிட்ட சமூகத்தாருக்கு முன்னுரிமை. பலவற்றில் சில நாளுக்கு மேல் தங்கவிட மாட்டார்கள். நம்மவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் முகத்தால் தமிழர், கடவுச்சீட்டால் வெளிநாட்டவர். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்தப் பதிவு இல்லாத சிறு தர்மசாலைகள் நம்மை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆகவே புறப்படும் முன்பே தொலைபேசியில், "நாங்கள் மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம், தங்க இடம் தருவீர்களா?" என்று நேராகக் கேட்டு, நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னார் என்று நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டக்கூடாது.

எந்தப் பகுதியில் தங்குவது? கேதார் காட், ஹனுமான் காட் பக்கத்தைத்தான் நான் சொல்வேன். 'காட்' என்றால் படித்துறை. அந்தச் சந்துகளில் தமிழ்க் குரல் கேட்கும், இட்லி கிடைக்கும், தர்ப்பணம் செய்து வைக்கத் தமிழ் பேசும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். கங்கை இரண்டு நிமிட நடை. அறை சுமாராக இருந்தாலும் வண்டிக் கூலி மிச்சமாகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரின் வெளிப்புறத்தில் வசதியான விடுதி எடுத்தவர்கள் தினம் இருமுறை நெரிசலில் மாட்டிக்கொண்டு அல்லல்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது காட்சிக்கு வருவோம். காசியில் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது கங்கைக் கரை. கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறாள். ஊர் முழுதும் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல். அதனால் சூரியோதயம் தடையில்லாமல் நீரிலிருந்து எழுவதுபோல் இருக்கும். தெற்கே அஸ்ஸி முதல் வடக்கே ராஜ்காட் வரை ஏறத்தாழ ஆறு ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குப் படித்துறைகள். எண்பத்து நான்கு என்று கணக்குச் சொல்வார்கள். இவை அனைத்தையும் நடந்தே பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்று காலையாகப் பிரித்துக்கொள்ளட்டும். நல்ல ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். படிகளில் சேறும் சாணமும் வழுக்கும்.

முதல் காலை அஸ்ஸியில் தொடங்கலாம். 2014 முதல் அங்கே விடியற்காலையில் ஆரத்தி, வேத பாராயணம், இசை என்று 'சுபஹே பனாரஸ்' நடக்கிறது. கட்டணம் இல்லை. அங்கிருந்து வடக்கே நடந்தால் துளசிதாசர் வாழ்ந்த துளசி காட், பிறகு காசி மன்னர் சேத் சிங்கின் கோட்டை, அதன்பின் நம் ஹனுமான் காட். 1898இல் தந்தையை இழந்த பிறகு பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது இங்கேதான். நான்காண்டுக் காலம் இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். அந்தச் சிவமடத்தில் 2022இல் அவருக்கு ஒரு நினைவு அறை திறக்கப்பட்டிருக்கிறது. தமிழ் படித்தவர் யாராக இருந்தாலும் அங்கே ஐந்து நிமிடம் நிற்காமல் வரமாட்டார். இன்னும் சற்று வடக்கே அரிச்சந்திர காட். நாம் கூத்திலும் திரைப்படத்திலும் அழுது பார்த்த அந்த மயானம் இன்றும் சிதை எரியும் இடம். அடுத்துச் சில அடிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கேதாரேசுவரர் கோயில். அதை ஒட்டியே 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் நிறுவிய மடம். தில்லி இளவரசர் தாராஷிகோவிடம் சுவாமிகள் சிங்கத்தின் மேல் சென்றார் என்ற வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் திருப்பணியின் தொடர்ச்சிதான் திருப்பனந்தாள் காசித் திருமடம். ஒரு காலை நடையில், ஒரு சென் செலவில்லாமல், இத்தனையும் பார்த்துவிட்டோம்.

இரண்டாம் நாள் கேதாரிலிருந்து தசாசுவமேதம் தாண்டி மணிகர்ணிகை வரை. நடக்கும்போது ஒவ்வொரு படித்துறையின் பெயரையும் கேட்டுக்கொண்டே போங்கள். தர்பங்கா, முன்ஷி, அகல்யாபாய். எல்லாம் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர். ஒருவர் மன்னர், ஒருவர் அமைச்சர், ஒருவர் கணவனை இழந்த அரசி. இந்தூர் அகல்யாபாய் அம்மையார்தான் இப்போதுள்ள விசுவநாதர் கோயிலையும் 1780இல் எழுப்பியவர். பஞ்சாபின் ரஞ்சித் சிங் பிறகு விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அவர்கள் ஊர் எங்கே, காசி எங்கே! மணிகர்ணிகைக்கு அருகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் இரத்தினேசுவரர் கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மணிகர்ணிகையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே இரவும் பகலும் சிதை அணைவதில்லை. படம் பிடிக்கக் கூடாது. பிறர் துக்கம் அது. நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருவர் வந்து, மேலே முதியோர் சாவை எதிர்நோக்கிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு விறகு வாங்கக் கிலோவுக்கு இவ்வளவு கொடுத்தால் புண்ணியம் என்பார். சிறுதொகை கொடுத்தால் முறைப்பார். கூட இன்னும் நாலு பேர் சேருவார்கள். கொடை கொடுத்துப் பழகிய நம்மவர்கள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள். மனமிரங்கும் இடத்தில் வைத்துக் கேட்பதால் மறுக்கவும் முடியாது. கைகூப்பிவிட்டு நடந்துவிடுங்கள். தருமம் செய்ய வேண்டும் என்றால் விசுவநாதர் கோயில் அருகே அன்னபூரணி சந்நிதி இருக்கிறது. அங்கே யாத்திரிகர்களுக்கு அன்னம் இடுகிறார்கள். அலுவலகத்தில் கட்டி இரசீது வாங்குங்கள். நீங்களும் அங்கே பந்தியில் உட்கார்ந்து ஒருவேளை உண்ணுங்கள். அன்னபூரணி வீட்டில் சாப்பிடுவதில் கூச்சம் எதற்கு?

விசுவநாதர் கோயிலைச் சுற்றியிருந்த சந்துகள் பல இப்போது இல்லை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசாலமான வளாகம் வழியாகக் கங்கையிலிருந்து நேராகவே ஏறிவரலாம். பழைய நெருக்கடியை அறிந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பழைய சந்துகளின் வாசனை போய்விட்டதே என்று வருந்துபவர்களும் உண்டு, நானும் கொஞ்சம் அந்தக் கட்சி. கைப்பேசி உள்ளே விடமாட்டார்கள். கடவுச்சீட்டைக் கேட்டால் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். பொது வரிசைக்குக் கட்டணம் இல்லை. விரைவுத் தரிசனச் சீட்டு வேண்டுமானால் கோயிலின் சொந்த அலுவலகத்தில் மட்டுமே வாங்குங்கள்; தெருவில் நின்று 'நான் அழைத்துப் போகிறேன்' என்பவரிடம் வேண்டாம். ஏழு நாள் இருப்பவருக்கு ஒரு சௌகரியம், கூட்டமான நாளை விட்டு இன்னொரு நாள் போகலாம். ஒன்றரை நாள்காரருக்கு அது முடியாது. பக்கத்தில் மீர் காட் சந்தில் விசாலாட்சி அம்மன் கோயில். அதுவும் நகரத்தார் பராமரிப்பு. உள்ளே போனால் நம் ஊர்ச் சந்நிதிபோலவே இருக்கும்.

பஞ்ச தீர்த்த சிராத்தம் செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அஸ்ஸி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என ஐந்து துறைகளிலும் பிண்டம் இடப் படகு அமர்த்துவார்கள். அந்தப் படகிலேயே கரை முழுவதையும் பார்த்தாகிவிட்டது. தனியாக இன்னொரு சுற்றுலாப் படகு எதற்கு? வாத்தியாரிடம் படகு, சாமான், தட்சிணை எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பித்ரு காரியத்தில் பேரம் பேசலாமா என்று தயங்க வேண்டாம். முன்பே பேசினால் காரியம் நடக்கும்போது மனம் அதில் நிற்கும். சிராத்தம் இல்லாதவர்கள் பலரோடு சேர்ந்து ஏறும் பங்குப் படகில் போகலாம். விலையை ஏறுமுன் பேசுங்கள்.

மாலை ஆரத்தியைத் தசாசுவமேதத்தில் படியில் உட்கார்ந்து பார்க்க எந்தக் கட்டணமும் இல்லை. ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை பார்த்த பிறகு மற்ற மாலைகளை அமைதியான கேதாரில் கழியுங்கள்.

கரையை விட்டு வெளியே போக இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். சாரநாத் பத்துக் கிலோமீட்டர். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். பிரம்மாண்டமான தமேக் ஸ்தூபி நிற்கிறது. இந்திய அரசின் இலச்சினையான அசோகரின் நான்கு சிங்கத் தலை அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். பலர் அன்று போய் ஏமாந்து திரும்புகிறார்கள். தொல்லியல் இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் இந்தியருடையதைப்போல் பல மடங்கு. தமிழில் பேசி இந்தியர் சீட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது முறையும் அல்ல. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைக் காட்டினால் இந்தியர் கட்டணமே. மாளவியா அவர்கள் 1916இல் நிறுவிய இந்துப் பல்கலைக்கழகத்தின் உள்ளே நிழல் மரங்களும் பெரிய விசுவநாதர் ஆலயமும் உண்டு; ஒரு பிற்பகல் இளைப்பாற ஏற்றது. ஊருக்குள் பாரத மாதா கோயில் என்று ஒன்று, 1936இல் காந்தியடிகள் திறந்து வைத்தது. மூர்த்தி கிடையாது, பளிங்கில் செதுக்கிய இந்திய நிலப்படம்தான் மூலவர். மலையும் நதியும் மேடு பள்ளமாகத் தெரியும். சுற்றுலா வண்டிகள் பலவும் அங்கே நிறுத்துவதில்லை.

இசைப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் வாக்கில் சங்கட மோசன அனுமார் கோயிலில் பல இரவுகள் விடிய விடியக் கச்சேரி நடக்கும். இந்தியாவின் பெரிய வித்துவான்கள் எல்லாம் அனுமாருக்குக் காணிக்கையாக வாசிக்கிறார்கள். நுழைவுச் சீட்டே இல்லை, தரையில் உட்கார வேண்டும். வெயில் ஏறிவிடும் மாதம்தான், ஆனால் அதற்காகவே போகலாம். அதேபோல் செப்டம்பர், அக்டோபரில் அக்கரை இராமநகரில் ஒரு மாதம் நடக்கும் இராமலீலை. ஒலிபெருக்கியோ மின்விளக்கோ இல்லாமல், ஊரே மேடையாக, கூட்டமும் இராமரோடு சேர்ந்து இடம் விட்டு இடம் நடக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் பசியாற நூறு ரூபாய் ஆகாது. கூட்டம் நிற்கும் கடையில், சட்டியிலிருந்து சுடச்சுட எடுப்பதைச் சாப்பிடுங்கள். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலையோ என்ற பால் நுரையை மண் கிண்ணத்தில் தருவார்கள். வாயில் வைத்ததும் கரைந்துவிடும். குடிநீருக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மூடி முத்திரை உடையாத புட்டி வாங்குங்கள்.

பட்டுப் புடவை விஷயத்தில் தாய்மார்கள் என்னைக் கோபிக்கக் கூடாது. வண்டிக்காரரோ வழிகாட்டியோ அழைத்துப் போகும் கடையில் அவர்களுக்குரிய தரகும் உங்கள் விலையில் சேர்ந்திருக்கும். வாங்குவதானால் தனியே போங்கள். இரண்டு கடை விலை கேட்டு, மூன்றாம் கடையில் வாங்குங்கள். பவர்லூம் சேலையைக் கைத்தறி என்று சொல்வதும் உண்டு. கைத்தறி என்பதற்கு அரசு முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கங்கைத் தீர்த்தம் கொண்டுவர ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு விசுவநாதர் சந்தில் கிடைக்கும். விமானத்தில் அதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துணி சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். சிறிய சொம்பாக ஐந்தாறு வாங்கினால் உறவுக்காரர்களுக்கும் கொடுக்கலாம், எடையும் தாங்கும்.

சத்திரங்களுக்கு எப்படி எழுதுவது, இரயிலுக்கு எப்படிப் பதிவது என்று விவரம் வேண்டுவோர், விருந்துக்குப் பிறகு மண்டபத்தின் இடப்புறத் தூணருகே இருப்பேன், கேளுங்கள். பிப்ரவரியில் போக நினைப்பவர்கள் இந்த மாதமே அறைக்கு எழுதிவிட வேண்டும்.